போறவையைத் தோத்தவை எண்டு சொல்லாதேங்கோ

வீட்டு விலையும் வாடகையும் தாங்காமல் ரொறன்ரோவை விட்டுத் தூரப் போற எங்கட சனத்தைப் பற்றி, போன ஞாயிறு ஸ்காபரோவில ஒரு முதியோர் ஒன்றுகூடல்ல நான் கதைச்சது இது. வர ஏலாமப் போன சிலபேர் எழுத்தில கேட்டவை, அதால கதைச்ச மாதிரியே எழுதியிருக்கிறன்.

எல்லாருக்கும் வணக்கம். பின்னுக்கு நிக்கிற அண்ணைமார் முன்னுக்கு வந்து இருங்கோ, கதிரை கிடக்குது. நான் 17 வருசமா எங்கட சனத்துக்கு வீட்டு விண்ணப்பம் நிரப்பிறது, வாடகைக் கடிதம் வாசிச்சுச் சொல்லுறது, விசாரணை நாளில பக்கத்தில போய் இருக்கிறது எண்டு செய்து வாறன், அதில கண்டதையும் என்ர வீட்டில நடந்ததையும்தான் இண்டைக்குக் கதைக்கப் போறன்.

முதல்ல ஒண்டு கேக்கிறன். உங்கட பிள்ளையோ மருமக்களோ கூடப்பிறந்தவையோ இந்த நாலஞ்சு வருசத்தில அல்பேர்ட்டா மாகாணத்துக்கு, கல்கரி எட்மன்டன் பக்கம் போயிருந்தாக் கையை உயத்துங்கோ. பாருங்கோ, ஹோல்ல பாதிக் கை மேல நிக்குது. ஒஷாவா, பீற்றர்பரோ எண்டு போனவையையும் சேத்துக் கேட்டா மிச்சக் கையும் எழும்பும்.

எங்கட சனம் ரொறன்ரோவுக்கு வந்த நாளில இருந்து வீட்டுக்காக நகந்துகொண்டுதான் இருக்குது. 80களின்ர கடைசியில வந்த கனபேர் இருந்தது டவுன்டவுன்ல வெலஸ்லி பார்லிமென்ற் சந்தியடி, செயின்ற் ஜேம்ஸ் டவுன் மாடிக்கட்டிடங்களில. ஒரு அப்பார்ட்மென்ற்ல ஏழெட்டுப் பேர், இரவு வேலைக்குப் போறவர் எழும்ப பகல் வேலை முடிச்சு வாறவர் அதே மெத்தையில படுக்கிறது, இதில இருக்கிற ஐயாமாரில அந்த மெத்தையில படுத்தவை இருக்கினம், தலையாட்டுறியள். பிறகு கொஞ்சம் காசு சேந்த உடன ஸ்காபரோ, எக்ளின்டன், மார்க்கம் ரோட், பிஞ்ச், மோர்னிங்சைட். பிறகு மார்க்கம். மார்க்கம் விலை எட்டாமப் போக ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா எண்டு 401 ஹைவே வழியா கிழக்கால கிழக்கால போனது. ஆனா ஒஷாவாவுக்குப் போனாலும் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்திட்டுப் போகலாம், அம்மாவுக்குக் காய்ச்சல் எண்டு கோல் வந்தா ஒரு மணித்தியாலத்தில வந்து கதவைத் தட்டலாம். இப்ப போற தூரம் அது இல்லை. இஞ்ச இருந்து கல்கரி ரோட்டால கிட்டத்தட்ட 3,400 கிலோமீற்றர், பிளேன்ல நாலு மணித்தியாலம், மணிக்கூடே ரெண்டு மணித்தியாலம் பிந்தி ஓடுற இடம்.

சிலபேர் இதைக் கதைக்கேக்க 95 யாழ்ப்பாண இடப்பெயர்வு மாதிரி எண்டு சொல்லுகினம். தயவுசெய்து அப்பிடிச் சொல்லாதேங்கோ. 95 அக்டோபர் 30 இரவு மழையுக்க நாவற்குழிப் பாலத்தால நானும் நடந்தனான், அதில ஒருத்தருக்கும் கணக்குப் பாக்க நேரம் இருக்கேல்ல. இஞ்ச ஒருத்தரும் ஷெல் அடிக்கேல்ல, கணக்குப் பாக்க எங்களுக்கு நேரம் இருக்குது, அதைப் பாக்காமப் போறதுதான் எனக்குக் கவலை.

ஏன் போகினம் எண்டு கேட்டா விலைதானே. 2022 பெப்ரவரியில ரொறன்ரோ பெரும்பாகத்தில விக்கிற வீட்டின்ர சராசரி விலை 13 லட்சத்து 30 ஆயிரம் டொலரைத் தாண்டினது. அடுத்த மாசமே மத்திய வங்கி வட்டியைக் கூட்டத் தொடங்கினது, 0.25 சதவீதத்தில இருந்தது 2023 ஜூலையில 5 சதவீதத்துக்கு வந்து நிண்டது. ஒண்டரை வருசம் கூட இல்லை. விலை உச்சியில நிக்கேக்க வட்டி அடியில நிண்டது, சனம் அந்த அடி வட்டியை நம்பித்தான் கையெழுத்து வைச்சது. வங்கிக்காரர் கூடின வட்டியிலயும் கட்டுவியளோ எண்டு ஒரு கணக்குப் போட்டுத்தான் கடன் குடுக்கிறவை, ஆனா அந்தக் கணக்கு 5.25 இல்லாட்டி உங்கட வட்டியோட இன்னும் 2 எண்டது, உண்மையில வந்த வட்டி அதையும் தாண்டிப் போட்டுது.

என்ர மகளும் மருமகனும் அந்த பெப்ரவரியிலதான் ஏஜாக்ஸ்ல ஒரு டவுன்ஹவுஸ் வாங்கினவை. 9 லட்சத்து 80 ஆயிரம். 20 சதவீதம் முற்பணம், அதில ஒரு பங்கு என்ர சீட்டுக்காசு. மிச்சத்துக்கு வேரியபிள் மோர்ட்கேஜ், வட்டி ஏற மாசம் கட்டுற காசும் ஏறுற வீட்டுக்கடன். முதல் மாசம் 2,700 டொலர் அளவில கட்டினவை, அடுத்த வருசம் ஆடி மாசம் அது 4,700ஐத் தாண்டிப் போச்சுது. ரெண்டு பேரும் வேலை, ஒருத்தரும் ஒரு சதம் ஊதாரித்தனம் பண்ணேல்ல. மருமகன் சனி ஞாயிறும் வேலைக்குப் போய் ஒரு நாள் சோத்துக் கோப்பையோட இருந்தபடியே நித்திரையாப் போனதை நான் கண்டனான். கடைசியா 8 லட்சத்து 60 ஆயிரத்துக்கு வித்தினம். ஏஜென்ட் காசு, வங்கியின்ர அபராதக் காசு எல்லாம் போக கையில மிஞ்சினதை எடுத்துக்கொண்டு 2023 அக்டோபர்ல கல்கரிக்குப் போட்டினம்.

போன அடுத்த கிழமை ஒரு கலியாண வீட்டில எனக்குப் பின்னால இருந்த ஒருத்தி மற்றவவுக்குச் சொல்லுறா, இவையின்ர பிள்ளை இஞ்ச தாக்குப்பிடிக்க ஏலாமப் போட்டினம் எண்டு. எனக்கு அண்டைக்குச் சாப்பாடு இறங்கேல்ல. அந்தப் பிள்ளையள் என்ன பிழை விட்டதுகள்? இது அவையின்ர கெட்டித்தனம் காணாமல் நடந்தது இல்லை. 2023 ஒரு வருசத்தில மட்டும் மற்ற மாகாணங்களில இருந்து அல்பேர்ட்டாவுக்கு வந்தவையில போனவையைக் கழிச்சாலும் 55,000 பேருக்கு மேல கூட, கனடாவில எந்த மாகாணமும் முந்தி ஒரு வருசத்தில அவ்வளவு பேரைச் சேத்தது இல்லை. அவ்வளவு பேரும் கெட்டித்தனம் இல்லாதவையோ? 2022ல அல்பேர்ட்டா அரசாங்கமே ரொறன்ரோ சப்வேயில போஸ்டர் ஒட்டிக் கூப்பிட்டது, வாங்கோ வீடு மலிவு எண்டு.

இப்ப வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்கு வாறன், ஏனெண்டா வீடு வித்திட்டுப் போறவையைவிட பேஸ்மென்ற்ல இருந்து கிளப்பப்பட்டுப் போறவைதான் என்னட்டக் கனக்க வாறவை. இதை நான் கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லப்போறன், கோவிக்காதேங்கோ. எங்கட பேஸ்மென்ற்ல இருக்கிறது எங்கட சனம். எழுப்பி விடுறதும் எங்கட சனம்.

ஒரு குடும்பம், ரெண்டு சின்னப் பிள்ளையள், எல்ஸ்மியர் பக்கம் ஒரு பேஸ்மென்ற்ல ஆறு வருசம் இருந்தவை, வாடகை 1,350. வீட்டுக்காரர் ஒரு நாள் இறங்கி வந்து, தம்பி, மகன் கலியாணம் கட்டுறார், கீழ அவை இருக்கப் போகினம், மாசக் கடைசியில விடுங்கோ எண்டு சொல்லியிருக்கிறார். வாயாலதான். ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இவையும் அண்ணை சொல்லிப்போட்டார் எண்டு முப்பது நாளில எழும்பி ஒஷாவாவுக்குப் போட்டினம், பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் நடுவில மாறினது, மனுசன் விடிய மூண்டரைக்கு எழும்பி வேலைக்கு ஓடவேண்டி வந்திட்டுது. ரெண்டு மாசத்தால அந்த மனிசி போன்ல வாடகை விளம்பரம் பாத்துக்கொண்டு வரேக்க ஒரு படம். குசினிச் சுவரில தன்ர மகள் ஒட்டின பூனைக்குட்டி ஸ்ரிக்கர் அப்பிடியே இருக்குது. கீழ வாடகை 2,050 எண்டு போட்டிருக்கு. அவ என்னட்ட அந்தப் போனைக் கொண்டு வந்து காட்டேக்க கதைக்கேல்ல, விரலால அந்த ஸ்ரிக்கரை மட்டும் பெரிசாக்கிக் காட்டினவ.

ஏன் இப்பிடி நடக்குது எண்டு விளங்கவேணும். எங்கட மாகாணம் ஒன்ராறியோவில, ஏற்கனவே குடியிருக்கிற வாடகைக்காரருக்கு வருசத்தில இவ்வளவுதான் கூட்டலாம் எண்டு அரசாங்கம் அளவு வைச்சிருக்குது, 2023, 24, 25 மூண்டு வருசமும் 2.5 சதவீதம். ஆனா அந்த ஆள் வெளிய போட்டு புது ஆள் வந்தா எவ்வளவும் கேக்கலாம். அப்ப நீண்ட காலம் இருக்கிற நல்ல வாடகைக்காரர்தான் வீட்டுக்காரருக்கு நட்டக்கணக்கு, அவரை எழுப்பினாத்தான் லாபம். வீட்டுக்காரருக்கும் மோர்ட்கேஜ் ரெட்டிப்பாப் போச்சுது எண்டதை நான் மறுக்கேல்ல, என்ர பிள்ளைக்கே அது நடந்தது. ஆனா அந்தச் சுமையைப் பொய் சொல்லிக் கீழ இருக்கிறவையின்ர தலையில இறக்கிறது அநியாயம். இன்னொண்டு, 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதல் முதல் ஆள் குடிவந்த கட்டிடம் எண்டா அந்த உச்ச அளவே இல்லை, புதுக் கொண்டோ மாடிவீடு பளபளப்பா இருக்கு எண்டு போறவை இதைக் கேட்டுக்கொண்டு போங்கோ.

சட்டம் என்ன சொல்லுது எண்டு வடிவாக் கேளுங்கோ. சொந்தக் குடும்பம் இருக்கப்போகுது எண்டா வீட்டுக்காரர் என்12 எண்ட படிவம் தரவேணும், வாயால சொன்னாக் காணாது. குறைஞ்சது 60 நாள் தரவேணும், 60 நாள் அறிவித்தல் எண்டா ஒரு மாச வாடகையை நட்டஈடாத் தரவேணும். படிவம் கையில வந்த உடன பெட்டி கட்டத் தேவையில்லை, உங்களுக்குச் சந்தேகம் எண்டா வாடகைச் சபை விசாரணை வரைக்கும் இருக்கலாம், அங்க அவர் உண்மையில மகனுக்குத்தான் எண்டு நிரூபிக்கவேணும். எழும்பிப் போன பிறகு அவர் சொன்னபடி குடிவராமல் வேற ஆளுக்கு விட்டா, நீங்கள் போய் ஒரு வருசத்துக்க ரி5 எண்ட படிவம் போட்டு நட்டஈடு கேக்கலாம். ஆனா இதில ஒரு ஓட்டை, என்12 தராமல் வாய்ச்சொல்லில எழும்பிப் போட்டா ரி5க்குப் பிடி இல்லாமப் போகும். அந்தப் பூனைக்குட்டிக் குடும்பத்துக்கு அதுதான் நடந்தது. குசினியோ குளியலறையோ வீட்டுக்காரரோட பங்குபோட்டுப் பாவிக்கிறவைக்கு இந்தச் சட்டமே பொருந்தாது, அதையும் ஞாபகம் வைச்சிருங்கோ.

சரி, எல்லாம் பாத்து, போறது எண்டு முடிவெடுத்தவைக்கு இனி. போகாதேங்கோ எண்டு நான் சொல்ல மாட்டன். என்ர மகள் வடகிழக்குக் கல்கரியில 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கு ஒரு வீடு வாங்கினவ, தனி வீடு, பின்வளவு இருக்கு. ரொறன்ரோவுக்குள்ள 10 லட்சம் டொலருக்கு வீடு வாங்கினா மாகாணத்துக்கும் நகரத்துக்கும் ரெண்டு கைமாற்று வரி, ரெண்டும் சேத்து 32,950 டொலர், முதல் வீடு எண்டாக் கொஞ்சம் திருப்பித் தருவினம். அல்பேர்ட்டாவில அந்த வரியே இல்லை, பதிவுக்காசு மட்டும்தான். கடையில சாமான் வாங்கினா வரி இஞ்ச 13 சதவீதம், அங்க 5. இதெல்லாம் உண்மையான காசு, மிச்சம் பிடிக்கலாம்.

ஆனா விளம்பரத்தில எழுதாத கணக்கும் இருக்கு. போறதுக்கு முதல் ஒரு கொப்பியில ரெண்டு பக்கமும் எழுதுங்கோ எண்டு நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லுறனான். கரண்ட் அங்க சந்தை விலை, 2023 கோடையில நிரந்தர ஒப்பந்தம் இல்லாதவைக்கு ஒரு யூனிற் 30 சதத்தைத் தாண்டினது, மகள் பில்லைப் படம் எடுத்து அனுப்பேக்க நான் ரெண்டு மாசத்து பில் எண்டு நினைச்சன். அதில பாவிச்ச கரண்டைவிட கொண்டுவந்து தாற கட்டணம், அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் எண்டு கனக்கக் கிடக்கும். கல்மழை. 2024 ஓகஸ்ட் 5 பின்னேரம் வடகிழக்குக் கல்கரியில விழுந்த ஆலங்கட்டியில காப்புறுதிக் கம்பனியள் குடுக்கவேண்டி வந்தது கிட்டத்தட்ட 300 கோடி டொலர், 2020 ஜூன்லயும் அதே பக்கம்தான் அடிச்சது, இப்ப வீட்டுக் காப்புறுதி எடுக்கேக்க கூரை பழுதானா முதல் ஒரு தொகையை நாங்களே கட்டவேணும் எண்டு தனியாக் கேக்கினம். மகள் வீட்டின்ர மேற்குப் பக்கச் சுவர் முழுக்க ஓட்டை, அந்த வைனில் தகடு பிஞ்சு தொங்குது. திருத்த ஆள் கிடைக்க அடுத்த வருசம் ஆகிட்டுது.

வாடகைக்குப் போறவை இதைக் கேளுங்கோ, அல்பேர்ட்டாவில வாடகை கூட்டுறதுக்கு உச்ச அளவு இல்லை. வருசத்தில ஒருக்காத்தான் கூட்டலாம், மாச வாடகைக்காரருக்கு மூண்டு மாசம் முதல் அறிவிக்கவேணும், ஆனா எவ்வளவு கூட்டலாம் எண்டதுக்கு எல்லை இல்லை. அவ்வளவு சனம் ஒரே நேரத்தில போய் இறங்கினா அங்க விலை சும்மா நிக்குமோ, 2020ல கல்கரியில 4 லட்சத்துச் சொச்சமா இருந்த சாதாரண வீடு 2024ல 6 லட்சத்துக்குக் கிட்ட வந்திட்டுது. அங்க பிறந்து வளந்த சனம் இப்ப எங்களைப் பாத்து, ஒன்ராறியோக்காரர் வந்து விலையை ஏத்திப் போட்டினம் எண்டு சொல்லுது, அவையைச் சொல்லியும் குற்றமில்லை. வேலையும் அப்பிடித்தான், அந்த ஊரின்ர உழைப்பு எண்ணெய் விலையோட ஏறி இறங்கிறது, 2014 கடைசியில எண்ணெய் விலை விழேக்க ஆயிரக்கணக்கில வேலை போனது. போய் இறங்கிப்போட்டு வேலை தேடுவம் எண்டு போகாதேங்கோ.

இனி நான் உண்மையில கதைக்க வந்தது. கொப்பியில ஒருத்தரும் எழுதாத வரி ஒண்டு இருக்குது. அம்மம்மா.

மகள் ஏஜாக்ஸ்ல இருக்கேக்க திங்கள் காலமை நான் பஸ்சும் ட்ரெயினும் எடுத்துப் போறனான், வெள்ளி பின்னேரம் திரும்பி வாறனான். பேரப்பிள்ளையள் ரெண்டையும் பள்ளிக்கூடம் விடுறது, கூட்டிக்கொண்டு வாறது, சோறு தீத்திறது, மூத்தவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் குடுக்கிறது. அதுக்கு ஒரு விலையும் ஒருத்தரும் போடேல்ல, நானும் போடேல்ல, போடுறதும் இல்லை. கல்கரிக்குப் போன முதல் மாசம் பள்ளிக்கு முன்னும் பின்னும் பாக்கிற இடத்துக்கு ரெண்டு பிள்ளைக்கும் 1,100 டொலர் கட்டினவ. அப்பதான் மகளுக்கும் எனக்கும் விளங்கினது, அந்த வீட்டை இவ்வளவு காலமும் தாங்கிக்கொண்டு நிண்ட சம்பளங்கள் ரெண்டு இல்லை, மூண்டு எண்டு.

அப்ப நீங்களும் கூடப் போறதுதானே எண்டு கேப்பியள். போனனான். நாலு மாசம் இருந்தனான். வீடு வடிவு, அறை பெரிசு. காலமை எல்லாரும் போனாப் பிறகு பின்னேரம் நாலு மணி மட்டும் யன்னல். பஸ் அரை மணித்தியாலத்துக்கு ஒண்டு, ஸ்ரொப்புக்கு நடக்கிற தூரம் சாதாரண நாளிலயே எனக்குக் காணும், குளிர் மைனஸ் முப்பதுக்குக் கீழ போனா நடக்கவே ஏலாது. இஞ்ச நான் தனியப் போய் இடியப்பமும் சம்பலும் வாங்குவன், பாமசியில பிள்ளை தமிழில குளிசை சொல்லித் தரும், டொக்டரிட்ட நெஞ்சுக்க குத்துது எண்டதை நானே சொல்லுவன். அங்க ஒவ்வொண்டுக்கும் மகள் வேலையில இருந்து லீவு எடுக்கவேணும். கல்கரியில தமிழ்ச்சனம் இல்லை எண்டு இல்லை, நல்ல சனம், கோயிலும் இருக்குது, ஆனா கார் இல்லாமல் ஒண்டையும் எட்டிப் பிடிக்க ஏலாது. நான் திரும்பி வந்தது அவையில கோவிச்சு இல்லை. மகள் எயார்போட்டில ஒண்டும் கதைக்கேல்ல, என்ர கோட்டுக்கு பட்டன் பூட்டி விட்டவ, சின்னப்பிள்ளைக்குப் பூட்டிற மாதிரி.

இதில இருக்கிற அம்மாமாரில மூண்டு பேர் இப்ப இந்த முடிவில நிக்கிறியள், எனக்குத் தெரியும். பிள்ளை கூப்பிடுறான், போறதோ விடுறதோ எண்டு. நான் சொல்லுறது, வீட்டை விட்டிட்டு, சாமானைக் குடுத்திட்டு ஒரேயடியாப் போகாதேங்கோ. முதல் ஒரு குளிர்காலம் போய் இருந்து பாருங்கோ, கோடையில போய்ப் பாத்து முடிவெடுக்காதேங்கோ. நிரந்தரமாப் போறது எண்டா, முதியோர் பென்சன் மத்திய அரசாங்கம் தாறது, அது எங்க போனாலும் வரும், ஒன்ராறியோ தாற மேலதிகக் காசு நிண்டுபோகும், அல்பேர்ட்டாவின்ரதுக்கு அங்க மூண்டு மாசம் இருந்த பிறகு புதுசா விண்ணப்பிக்கவேணும். ஹெல்த் கார்ட்டை உடன வெட்டிப் போடாதேங்கோ, அல்பேர்ட்டா கார்ட் நீங்கள் போய் மூண்டாம் மாசம் முதலாம் திகதிதான் தொடங்கும், அதுமட்டும் ஒன்ராறியோதான். குளிசை மூண்டு மாசத்துக்கு வாங்கிக்கொண்டு போங்கோ, அங்க குடும்ப டொக்டர் கிடைக்கக் காலம் எடுக்கும்.

பிள்ளையளுக்கும் ஒண்டு, இந்த வீடியோவைப் பாக்கிறவைக்கு. முடிவெடுத்த பிறகு அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, எடுக்க முதல் சொல்லுங்கோ. எங்கட வீட்டில மகள் வீட்டை விக்கப் போட்ட பிறகுதான் எனக்குச் சொன்னவ, நான் கவலைப்படுவன் எண்டு நினைச்சு. நாலு மாசம் தனியச் சுமந்திருக்கிறா. முதலே சொல்லியிருந்தா என்ர அப்பார்ட்மென்ற்ல எல்லாரும் ஒரு வருசம் நெருக்கிக்கொண்டு இருந்து பாத்திருக்கலாம், வட்டி 2024 ஜூன்ல இருந்து இறங்கத் தொடங்கினது, ஒருவேளை, சரி, அது போகட்டும்.

போகேக்க அவை என்ர கறிவேப்பிலைச் சாடியைக் கேட்டவை. 12 வருசம் வளத்தது, கோடைக்குப் பல்கனியில, குளிருக்கு ஹீற்றருக்குப் பக்கத்தில எண்டு. மருமகன் அதைக் காரில பின் சீற்றில பெல்ட் போட்டுக் கட்டினவர். சூ செயின்ற் மரி, தண்டர் பே, வினிபெக், ரெஜைனா எண்டு போன வழி முழுக்க இரவு மோட்டலுக்க தூக்கிக்கொண்டு போய் வைச்சவையாம், காலமை திரும்பக் கொண்டுவந்து கட்டினவையாம். கல்கரியில காத்து சரியான வறட்சி, முதல் மாசம் இலை எல்லாம் கொட்டிப்போட்டுது. பேத்தி போன கிழமை போன்ல காட்டினவள், அடியில ரெண்டு புதுக் குருத்து நிக்குது.

நான் செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணியில இருந்து ஒரு மணி மட்டும் இந்தக் கட்டிடத்தில கீழ் அறையில இருப்பன். வீட்டுக்காரர் கடிதம் தந்தாலும் சரி, கதவடியில நிண்டு வாயால சொல்லிப்போட்டுப் போனாலும் சரி, ஓம் எண்டு சொல்ல முதல், கையெழுத்து வைக்க முதல் கொண்டு வாங்கோ. ஒப்பந்தக் கடதாசி இருந்தா அதையும், வாடகை குடுத்த ரசீதோ வங்கிக் கணக்கோ இருந்தா அதையும் எடுத்துக்கொண்டு வாங்கோ. இங்கிலிஷ் தெரியேல்ல எண்டு யோசிக்காதேங்கோ, நான் வாசிச்சுச் சொல்லுவன்.